ஒரு காலா, இரண்டு காலா?

ஒப்படைப்புப் பட்டியலில் பதினேழு பொருள்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். ரத்த அழுத்தக் கருவி இரண்டு. அதில் ஒன்று காற்றுக் கசியும். சர்க்கரை பார்க்கும் கருவி மூன்று. மடக்குக் கட்டில் ஒன்று. பதிவேடுகள் ஒன்பது. அளவு நாடா நான்கு. நாளை முதல் இந்த மருத்துவ வண்டி உங்கள் மூவருடையது. நான் சமவெளிக்கு மாற்றலாகிப் போகிறேன். ஓய்வு பெறும்போது எழுத வேண்டியதை முப்பத்திரண்டு வயதில் எழுதுகிறீர்களே என்று வண்டி ஓட்டும் மணி அண்ணன் கேலி செய்கிறார். செய்யட்டும். ஜவ்வாது மலையில் ஆறு வருடம் இயன்முறை மருத்துவராக வேலை பார்த்ததில், பட்டியலில் எழுத முடியாத ஒன்று பாக்கி இருக்கிறது.

நேற்று நீங்கள் எல்லாவற்றையும் சரிபார்த்தீர்கள். நாடா ஏன் நான்கு என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. ஒரு வண்டிக்கு ஒன்று போதும். நான் ஐந்து வாங்கினேன். அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன்.

எனக்குப் பட்டியல் பிடிக்கும். உங்களுக்கே தெரியும். சேர்ந்த முதல் மாதமே முகாமுக்கு வருகிறவர்களுக்கென்று ஒரு பக்கப் படிவம் தயாரித்துப் பதிவேடாகக் கட்டிவைத்தேன். பெயர், வயது, தொழில், வலி எங்கே, எத்தனை நாளாக, உடல் உழைப்பு. கடைசிக் கட்டத்துக்கு மூன்று பதில்கள்: அதிகம், நடுத்தரம், குறைவு. கண்ணமங்கலத்தில் கடைக்காரர்கள் வந்தால் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உட்காருகிறீர்கள் என்று விடாமல் கேட்பேன். படவேட்டில் கோயில் வாசலில் பூக்கட்டும் பெண்களிடமும் கேட்பேன். மலைக்கு மேலே வந்தால் கேட்கமாட்டேன். ஆள் வந்து உட்காருவதற்கு முன்பே "அதிகம்" என்ற கட்டத்தில் குறி போட்டுவிடுவேன். வரிசையில் நாற்பது பேர் நிற்பார்கள், ஒரு கேள்வி மிச்சம். மலையில் இருப்பவர்கள் ஏறி இறங்கி, சுமந்து, நடந்து வாழ்கிறவர்கள். அவர்களுக்கு உட்காருவதால் என்ன வந்துவிடப் போகிறது?

நானாக நினைத்துக்கொண்ட மலை அது. நான் பார்த்துக்கொண்டிருந்த மலை வேறு. தார்ச்சாலை வந்திருந்தது. வாசலுக்குக் குழாய் வந்திருந்தது. பத்து வீடு தள்ளிப் போகவும் பைக் எடுத்தார்கள். சாமை விதைத்த நிலத்தில் பாதி சும்மா கிடந்தது. என் பதிவேட்டில் சர்க்கரைக்காரர்கள் கூடிக்கொண்டே வந்தார்கள். அதே பக்கத்தில் "உடல் உழைப்பு: அதிகம்" என்று என் கையெழுத்தில் இருந்தது. இரண்டையும் ஒரே பேனாவில் எழுதிக்கொண்டு போனேன்.

இனி அந்த நாள்.

பங்குனி மாதம். அந்த ஊரின் பெயரை எழுதவில்லை. நீங்கள் போனதும் தெரிந்துகொள்வீர்கள். நடுவில் சிமெண்ட் களம், மேலே தார்ப்பாய்ப் பந்தல், பந்தலின் கீழ் புளி. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பழத்தின் ஓட்டை நீக்கி, நார் உரித்து, கல்லில் வைத்துத் தட்டிக் கொட்டை எடுப்பார்கள். முன்பெல்லாம் கூடை நிரம்பினால் அவரவர் எழுந்து போய்க் குவியலில் கொட்டிவிட்டு, அடுத்த கூடை பழம் அள்ளி வருவார்கள். இரண்டு வருடமாகப் புளி வாங்குகிற வியாபாரி ஆள் வைத்திருந்தார். அந்த ஆட்கள் பழத்தைக் கொண்டுவந்து முன்னால் கொட்டுவார்கள், கூடையை எடுத்துப் போவார்கள். பெண்கள் எழவே வேண்டாம். வேலை சீக்கிரம் முடிந்தது. எல்லாரும் அதைச் சௌகரியம் என்றார்கள். களத்தைப் பார்த்த நானும் நல்ல ஏற்பாடு என்று சொன்னேன்.

அந்த வருடம் அவசரம் வேறு. இன்னும் ஒன்பது நாளில் அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டு. காப்புக் கட்டிவிட்டால் அந்த ஊரில் புளியைத் தொடமாட்டார்கள். அதனால் விடிந்ததும் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்வரை தட்டினார்கள். எழுந்து ஒதுங்கப் போனால் நேரம் போகும் என்று தண்ணீர்கூட அளவாகக் குடித்தார்கள். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்று நான் கேட்கவில்லை.

முகாமில் காசியம்மா வந்து உட்கார்ந்தார். முப்பத்தெட்டு வயது. கணவர் கேரளாவில் வேலையில் இருந்தார். கூட வந்தவர்கள் ஓரகத்தி ராணியும், ராணியின் கணவர், அதாவது காசியம்மாவின் கொழுந்தனாரும். அவர்கள் உட்காருவதற்கு முன்பே "அதிகம்" போட்டாகிவிட்டது.

"இன்னாங்கம்மா பண்ணுது?" என்று கேட்டேன். மலையில் பேசிப் பேசி எனக்கும் அது ஒட்டிக்கொண்டிருந்தது.

"கெண்டைக்கால் இழுக்குது மேடம். நாலு நாளா. காலைல எழுந்தா கல்லு மாதிரி கீது."

ராணி இடையில் புகுந்தார். "அவளுக்கு ஒண்ணுமில்ல மேடம். வேலைக்கு டிமிக்கி குடுக்கக் காலைக் காட்டுறா. அவ பங்குக் கொட்டையும் நாந்தான் தட்டிக்கினு கீறேன்."

"ஆமா, தட்டிக் கிழிச்ச. உன் வாய் தட்டுற வேகத்துல கை தட்டியிருந்தா இந்நேரம் களமே காலியாயிருக்கும்."

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

"கீழ விழுந்தீங்களா?"

"இல்லீங்க."

"மேட்டுல ஏறி இறங்குறீங்க இல்ல, சுளுக்கியிருக்கும்" என்றேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. காரணத்தை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். "மாத்திரை ஏதாச்சும் சாப்பிடுறீங்களா? சுகர், பிரஷர்?"

கொழுந்தனார் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "இல்லீங்க மேடம்" என்றார்.

இடது கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தேன். முகம் சுளித்தார். கொஞ்சம் வீங்கி, தொட்டால் சூடாக இருந்தது. பங்குனி வெயில் என்று நினைத்தேன். வலது காலைத் தொடவே இல்லை. "நல்லெண்ணெயச் சுட வெச்சு, கணுக்கால்லேருந்து முழங்கால் வரைக்கும் நல்லா அழுத்தி உருவி விடுங்க. தினம் ரெண்டு வேளை."

"அது எங்கிட்ட வுடுங்க" என்றார் ராணி. "நான் உருவி வுட்டா படுத்த மாடே எழுந்து நடக்கும்."

படிவத்தில் எழுதினேன்: சுளுக்கு. எண்ணெய் தேய்த்து உருவுதல். கையெழுத்து. அடுத்தவரைக் கூப்பிட்டேன். மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது.

ஒரு மணிக்கு முகாம் முடிந்தது. இரண்டரை மணிக்கு அமிர்திக்கு இறங்கி வந்து ஒரு டீக்கடையில் நின்றோம். மணி அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு பெஞ்சில் காலைத் தூக்கி வைத்தார்.

"பாருங்க மேடம், சாயந்தரமாச்சுன்னா செருப்பே உள்ள போக மாட்டேங்குது. வண்டியிலயே உக்காந்துக்கினு கீறோம் இல்ல, காலெல்லாம் வீங்கிப்போவுது."

நான் டீயை ஊதிக்கொண்டே, யோசிக்காமல் கேட்டேன். "ஒரு காலாண்ணா, ரெண்டு காலா?"

"ரெண்டும்தான்."

"ரெண்டும்னா பயமில்ல. உக்காந்தே இருக்கறதால வர்றது. நடுவுல நிறுத்தி நடங்க. ஒரு கால் மட்டும் வீங்கி, வலிச்சு, சூடா இருந்து, விழாமலும் இருந்தா..."

அந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை.

ஓட்டுநர் உட்காருகிறவர் என்று எனக்குத் தெரியும். அதனால் கேட்டேன். படித்திருந்தேன், பரீட்சையில் எழுதியிருந்தேன், பதில் நாக்கு நுனியில் இருந்தது. காசியம்மா மலைக்காரி. அதனால் அந்தக் கேள்வியே எனக்குள் எழவில்லை.

நீங்களும் படித்ததுதான். கெண்டைக்கால் தசை அசைந்தால்தான் காலின் ரத்தம் மேலே ஏறும். முழங்காலை மடக்கி மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்தால் ரத்தம் தேங்கும். தேங்கினால் ரத்தக் குழாய்க்குள் சில பேருக்கு உறையும். உறைந்தது அங்கேயே இருந்தால் கால் வீங்கும். பிய்ந்து நகர்ந்தால் நுரையீரலை அடைக்கும். அப்படி இருக்கும் காலுக்குச் செய்யக்கூடாதது ஒன்று உண்டென்றால், அது கணுக்காலிலிருந்து மேலாக அழுத்தி உருவுவது.

கைபேசியை எடுத்தேன். படிவத்தில் இருந்தது கொழுந்தனாரின் எண். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி. மறுபடி. அந்த ஊரில் பள்ளிக்கூட மேட்டில் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும், அங்கே யாரும் நிற்கவில்லை.

பயிற்சிக் காலத்தில் எனக்கு மேலே இருந்த மருத்துவர் ஒருவர் உண்டு. நான்கு வருடமாக அவரை அழைத்ததில்லை. அழைத்தேன். "மேடம், ரத்தம் உறைஞ்சிருக்குமோன்னு நினைக்கிறேன்" என்று ஆரம்பித்தேன்.

"நீ நினைக்கிறது இருக்கட்டும். என்ன பார்த்த, அதைச் சொல்லு."

"இடது கெண்டைக்கால்ல வீக்கம், வலி, சூடு. விழலை. நாலு நாள்."

"அளந்தியா?"

"இல்ல மேடம்."

"இன்னொரு கால்?"

"பார்க்கலை."

"மூச்சு?"

"கேட்கலை."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"வைத்தியம் என்ன சொன்ன?"

சொன்னேன்.

"திரும்பிப் போ" என்றார். "கையை வைக்க விடாத. மூச்சைப் பாரு. நடக்க விடாம கொண்டு வா. பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் சொல்லி வைக்கிறேன்."

நான் உடனே எழுந்து ஓடிவிட்டேன் என்று எழுத ஆசை. எழுந்திருக்கவில்லை. என் மனம் அதன் வழக்கப்படி பட்டியல் போட்டது. சுளுக்காகவே இருக்கலாம். நான்கு மணிக்குள் வண்டியை அலுவலகத்தில் விட வேண்டும். அனுமதி இல்லாமல் மறுபடி மலை ஏறக்கூடாது. ஊர் முன்னால் நான் தவறு செய்தேன் என்று ஆகும். நாளை மறுநாள் பக்கத்து ஊரில் முகாம், அப்போது எட்டிப் பார்க்கலாம். போகாமல் இருக்க ஐந்து காரணம். போக ஒன்றுதான்: நான் சொன்னதைச் செய்ய ராணி இந்நேரம் எண்ணெய் காய்ச்சியிருப்பார். பட்டியலின் நீளத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அன்று ஒரு டீ ஆறும் நேரத்தை நான் அதில் கழித்தேன்.

"அண்ணா, மேல திரும்பணும்."

"இப்போவா? ஆபீஸ்ல கேட்டா இன்னா சொல்றது?"

"மேடம் தப்பு பண்ணிட்டாங்க, அதைச் சரி பண்ணப் போனோம்னு சொல்லுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். காலைச் செருப்புக்குள் திணித்தார். "அதை நீங்களே சொல்லிக்குங்க. ஏறுங்க."

வளைவுகள் அன்றுபோல் என்றும் நீளமாக இருந்ததில்லை. பாதி மலையில் புளி மூட்டை ஏற்றிய பிக்கப் ஒன்று எதிரே வந்து, வளைவில் இரண்டு வண்டியும் முகம் பார்த்து நின்றன. அந்த ஊர்க் களத்திலிருந்து வருகிற வண்டிதான். அது பின்வாங்கும்வரை பொறுக்காமல் இறங்கி ஓடிப்போய், காசியம்மாவைப் பார்த்தீர்களா என்று ஓட்டுகிறவரைக் கேட்டேன்.

"பார்த்தனே. களத்துக்கு வரல இன்னிக்கி. வூட்டு வாசல்ல உக்காந்துக்கினு காலுக்கு எண்ணெ போட்டுக்கினு கீது" என்று சிரித்தார். "ராணிக்கா உருவுற உருவுல அது போடுற சத்தம் களம் வரைக்கும் கேக்குது."

மறுபடி ஏறி உட்கார்ந்தேன். மணி அண்ணன் ஒலிப்பானிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினார்.

காசியம்மாவின் வீடு களத்துக்கு மேலே, ஒற்றையடிப் பாதையில். ஓடினேன். வாசலில் எண்ணெய்க் கிண்ணம். ராணியின் மடியில் கால். இரண்டு கட்டைவிரலும் கெண்டைக்காலின் நடுவில்.

"ராணி! கையை எடு!"

ஆறு வருடத்தில் அந்த மலையில் ஒருவரை நான் மரியாதை இல்லாமல் கூப்பிட்டது அந்த ஒருமுறைதான். அவர் சூடு பட்டதுபோல் கையை எடுத்தார். "இன்னா மேடம்? நீங்கதான சொன்னீங்க?"

"எத்தனை தடவை ஆச்சு?"

"மதியம் ஒரு வாட்டி. இது ரெண்டாவது."

காசியம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். உதடு வெளுத்திருந்தது. "நல்லா கேக்குது மேடம். காலு லேசாயிட்ட மாதிரி கீது. மூச்சுதான் கொஞ்சம் வாங்குது. வெயிலு."

வீட்டு நிழலில், காற்றடிக்கிற வாசலில் உட்கார்ந்துகொண்டு வெயில் என்கிறார்.

நாடாவை எடுத்தேன். இரண்டு காலையும் இரண்டு முறை அளந்தேன். இடது கால் வலதைவிட நான்கு சென்டிமீட்டர் பருமன். நாடித் துடிப்பு நூற்று இருபதைத் தாண்டியிருந்தது. விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவி தொண்ணூற்று ஒன்றுதான் காட்டியது.

"உடனே வேலூர் போகணும்."

"எனக்கா? நான் வரல மேடம். ஒம்போது நாள்ல காப்பு. மொதப் பொங்கலு இந்த வருசம் எங்க வூட்டு முறை. எத்தினி வருசத்துக்கு ஒரு வாட்டி வருது தெரியுமா? வெச்சிட்டு வர்றேன்."

பயமுறுத்தினால் எழுந்து உள்ளே ஓடிவிடுவார். மழுப்பினால் வரமாட்டார். நான் கீழே அவர் முன்னால் உட்கார்ந்தேன்.

"நாள்பூரா மடக்கி உக்காந்ததுல கால்ல ரத்தம் உறைஞ்சிருக்குன்னு பயப்படுறேன். அதுல ஒரு துண்டு நெஞ்சுக்குப் போயிருக்கும்னு பயப்படுறேன். மூச்சு வாங்குறது அதனாலதான். இல்லன்னு டாக்டர் சொன்னா, நானே கொண்டாந்து வூட்ல வுட்டுட்டு உங்க கால்ல விழறேன். இருந்துச்சுன்னா இங்க வெச்சுக்கிட்டு என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

அவர் ராணியைப் பார்த்தார். ராணி பக்கத்தில் நின்ற கணவரைப் பார்த்தார். அவர், "டோலி கட்டுறேன்" என்று, தூளி கட்டித் தூக்கிப்போகக் கயிற்றைத் தேடினார்.

"டோலியா?" காசியம்மாவுக்கு மூச்சு முட்டியது, குரல் மட்டும் குறையவில்லை. "திருவிழா நேரத்துல என்னை டோலியில தூக்கிக்கினு ஊரைச் சுத்துவியா? பொணமா நானு? நடந்தே வர்றேன், வுடு!"

எழப் போனவரைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். களத்தில் புளிக்கு எடை போடுகிறவர் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று இருந்தது. மணி அண்ணன் அதைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். ராணி கண்ணைத் துடைத்துக்கொண்டே அதட்டினார்: "உக்காந்தே வாங்கின சீக்கு. உக்காந்தே போ."

நாற்காலியோடு இருவர் தூக்கி இறக்கினார்கள். களத்துப் பெண்கள் தட்டுவதை நிறுத்திப் பார்த்தார்கள். யாரும் எழுந்து வரவில்லை. காலை நீட்டி, மடக்கி, தரையில் கை ஊன்றி எழவே அவர்களுக்கு அவ்வளவு நேரம் பிடித்தது. அதையும் அன்றுதான் முதன்முதலாகக் கவனித்தேன்.

வண்டிக்குள் ஆக்சிஜன் வைத்தேன். ஆண்கள் இருவரும் முன்னால். பின்னால் நாங்கள் மூன்று பேர். குரலைத் தாழ்த்திக் கேட்டேன். "காசியம்மா, காலைல கேட்டேன், மறுபடி கேக்கிறேன். ஏதாவது மாத்திரை?"

"சுகர் இல்ல, பிரஷர் இல்ல மேடம்."

"அதைக் கேக்கல. எதுக்காக இருந்தாலும் சரி, வாயில போட்டுத் தண்ணி குடிக்கிற எதுவா இருந்தாலும் சரி."

மடியிலிருந்து அட்டை ஒன்றை எடுத்தார். நாள் தள்ளிப்போடுகிற மாத்திரை. பொங்கல் வைக்கிற நாளில் தீட்டு வந்துவிடக்கூடாது என்று முன்கூட்டியே ஆரம்பித்திருக்கிறார். "இதெல்லாம் மாத்திரைல சேராது மேடம். சீக்குக்குத் தின்னாதான மாத்திரை? அவரு பக்கத்துல நின்னுக்கினு இருந்தாரு, எப்பிடிச் சொல்றது?"

அந்த மாத்திரை ரத்தம் உறைவதைக் கூட்டும். விடிந்ததிலிருந்து அந்திவரை மடக்கிய கால், தண்ணீர் குடிக்காத உடம்பு, அதன் மேல் இது.

ராணி தன் மடியைத் தொட்டார். "நானும்தான் துன்றேன்" என்றார். "களத்துல ஏழு பேரு."

பெரிய ஆஸ்பத்திரி வாசலில் தள்ளுவண்டி காத்திருந்தது. போனில் பேசிய மேடம் சொல்லி வைத்திருந்தார். அவசரப் பிரிவில் இருந்த மருத்துவர் இளைஞர், வேகமானவர், செய்ய வேண்டியதையெல்லாம் தவறில்லாமல் செய்தார். ஸ்கேன் முடிந்து வெளியே வந்தார். காலில் உறைந்திருக்கிறது, நுரையீரலுக்கும் போயிருக்கிறது, ஊசி ஆரம்பித்தாயிற்று, இன்றைக்கு ஒன்றும் உறுதி சொல்ல முடியாது என்றார். பிறகு ராணியின் கையைப் பார்த்தார். இன்னும் எண்ணெய் காயவில்லை.

"நீதான் தேய்ச்சதா?"

ராணி தலையை ஆட்டினார்.

"உங்க ஆளுங்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும் புரியாதா? கால் வீங்கினா ஆஸ்பத்திரிக்கு வராம, எண்ணெயை ஊத்தி உருவுறது. யார் சொன்னது உனக்கு இந்த வைத்தியத்தை?"

ராணி என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "தெரியாம பண்ணிட்டேன் சார்" என்றார்.

என் பை தோளில் இருந்தது. பையில் பதிவேடு. அந்த வராந்தாவில் உண்மை தெரிந்தவர்கள் நான்கு பேர். கொழுந்தனாரும் மணி அண்ணனும் சுவரோரம் நின்றார்கள். யாரும் என்னைக் காட்டிக்கொடுக்கப் போவதில்லை. நான் பேசாமல் இருந்தால் அது அப்படியே எழுதப்பட்டிருக்கும்: வீட்டில் எண்ணெய் தேய்த்ததால் என்று.

"நான்தான் சொன்னேன் டாக்டர்" என்றேன். "இயன்முறை மருத்துவர். காலையில முகாம்ல நான் பார்த்தேன். சுளுக்குன்னு எழுதி, உருவச் சொன்னேன். இன்னொரு காலைப் பார்க்கலை. மாத்திரையைச் சரியா விசாரிக்கலை. என் கையெழுத்தோட இருக்கு." பக்கத்தைத் திறந்து நீட்டினேன்.

அவர் படித்தார். "உடல் உழைப்பு: அதிகம்" என்ற வரியில் விரலை வைத்தார். "என்ன வேலை செய்றாங்க?"

"உக்காந்து புளி தட்டுறாங்க."

அவர் பதிவேட்டை மூடி என்னிடம் கொடுத்தார். ராணியிடம் திரும்பி, "நீங்க போய் அவங்க பக்கத்துல உக்காருங்கம்மா" என்றார்.

மறுநாள் காலை அனுமதி வாங்கிக்கொண்டு அதே களத்துக்குப் போனேன். பதினோரு பெண்கள். இருபத்திரண்டு கால்களையும் அளந்தேன். ஒன்பது பேருக்கு இரண்டு காலும் வீங்கியிருந்தன. ஒற்றைக் கால் வீக்கம் யாருக்கும் இல்லை. நாள் தள்ளும் மாத்திரையை நிறுத்தச் சொன்னதும், என் மேல் இரண்டு பேருக்குக் கோபம், இன்றுவரை முழுதாகத் தீரவில்லை. அலுவலகம் விளக்கம் கேட்டது. நடந்ததை எழுதிக் கொடுத்தேன். நகல் ஒன்பதாவது பதிவேட்டின் பின்னட்டையில் இருக்கிறது.

காசியம்மா மூன்று நாள் கழித்துத்தான் ஆக்சிஜன் இல்லாமல் பேசினார். முதல் கேள்வி, "பொங்கலு?" என்பது. அந்த வருடம் அவர்கள் வீட்டு முறைக்குக் கொழுந்தனார் பொங்கல் வைத்தார். அடிப்பிடித்துவிட்டது என்று ராணி இன்றும் சொல்லிக் காட்டுகிறார். காசியம்மா ரத்தம் உறையாமலிருக்க வெகுநாள் மாத்திரை சாப்பிட்டார். இடது கால் இப்போதும் சாயங்காலம் கனக்கும், இறுக்கமான காலுறை போட வேண்டும். பழைய கால் திரும்பவில்லை. என் மூன்று நிமிடத்துக்கு அதில் எவ்வளவு பங்கு என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. நானும் கேட்டு முடிக்கவில்லை.

நாடா ஐந்து வாங்கினேன், தேடாமல் கைக்குக் கிடைக்க. படிவத்தை மாற்றினேன். நீங்கள் பார்த்திருப்பீர்கள், "உடல் உழைப்பு" என்ற கட்டமே இல்லை. அந்த இடத்தில் "நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும்வரை எங்கே உட்கார்ந்தீர்கள், எப்போது எழுந்தீர்கள்" என்று இருக்கிறது. எழுத நேரம் பிடிக்கும். வரிசை முணுமுணுக்கும். முணுமுணுக்கட்டும். கஷ்டப்பட்டு வேலை செய்கிறவர் உடம்பு அசைகிறது என்று அர்த்தமில்லை. களைத்துப்போய் வருகிறவரையும் கேளுங்கள். மாத்திரையைப் பற்றிப் பெண்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். கூட வந்த ஆணைத் தண்ணீர் கொண்டுவர அனுப்புங்கள்.

அடுத்த புளிக் காலத்தில் களத்தின் சுவரில் உடற்பயிற்சிப் படம் ஒன்றை ஒட்டினேன். அதன் மேல் யாரோ துண்டைத் தொங்கப் போட்டார்கள். வேலை செய்யும் முறையை மாற்றியது ராணிதான். வியாபாரியின் ஆட்களைக் களத்துக்குள் விடவில்லை. கூடை நிரம்பினால் அவரவர் எழுந்து போய்க் கொட்ட வேண்டும். தண்ணீர்க் குடம் களத்தின் அந்தக் கோடியில். வேலை மெதுவாகிறது என்று வியாபாரி சத்தம் போட்டபோது, "நீ வந்து குந்து, பத்து நாளைக்கி. அப்பால உன் காலை நான் உருவி வுடுறேன்" என்று ராணி சொன்னதாகக் கேள்வி.

போன வாரம் விடைபெறப் போயிருந்தேன். பந்தலுக்கு வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்து, உங்களுக்கான பட்டியலைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். கூடையைக் கொட்டிவிட்டுத் திரும்பிய காசியம்மா என் முன்னால் நின்றார். காலுறை போட்ட காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடக்கிறார்.

"எப்போ குந்தினீங்க மேடம்?"

"இப்பதான்."

"பொய்யி. நான் மூணு கூடை கொட்டிட்டேன்." ராணியைக் கூப்பிட்டார். "ஏய், மேடத்தை அள."

ராணி இடுப்பிலிருந்து நாடாவை எடுத்துக்கொண்டு வந்தார். நான் கொடுத்த ஐந்தாவது நாடா. ஓரமெல்லாம் புளி ஒட்டி, எண்கள் பாதி அழிந்திருந்தன. தினம் சாயங்காலம் பெண்கள் வீட்டுக்குப் போகுமுன் அதில்தான் கால் அளக்கிறார்கள். என்னை எழுப்பி நிறுத்தி, முதலில் இடது காலை அளந்தார். பிறகு, நான் சொல்லாமலே, வலது காலை.

அந்த நாடா பட்டியலில் இல்லை. திரும்பக் கேட்காதீர்கள்.